இருபத்தாறு பற்களும் இருபது டிகிரித் தண்ணீரும்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். மேற்குக் காற்று. வானத்தில் மேகம் இல்லை. அந்நேரத்துக்கே பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினேன். வாஷ்பேசினில் விழுந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மறுபடி கொப்பளித்தேன். ஏழாவது முறைதான் நிறம் போனது. நாக்கால் தடவிப் பார்த்தேன். கீழ் வரிசை முன்பற்கள் நான்கில் இடமிருந்து இரண்டாவது அசைந்தது.

எனக்கு எழுபத்தோரு வயது. அன்று காலை என் வாயில் சொந்தப் பற்கள் இருபத்தாறு இருந்தன. மேலே பன்னிரண்டு, கீழே பதினான்கு. என் தம்பி அறுபத்தாறு வயதிலேயே பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத் தூங்குகிறான். அந்த டம்ளரை ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை: இந்த இருபத்தாறில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.

ரத்தத்தைவிட என்னைக் குழப்பியது வேறொன்று. அன்று நான் சிகரெட்டை விட்ட நானூற்றுப் பத்தொன்பதாவது நாள். நாற்பத்து மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்குப் பதினொன்று என்று புகைத்தவன் நான். அந்த நாற்பத்து மூன்று ஆண்டில் ஈறிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. பல்லெல்லாம் பழுப்பாக இருந்தன, ஆனால் கல் மாதிரி நின்றன. கெட்ட பழக்கம் இருந்தபோது நன்றாக இருந்த வாய், அதை விட்டபின் கெட்டுப்போவானேன்? இந்தக் கணக்கு எனக்கே பிடிபடவில்லை.

சிகரெட்டை நான் சும்மா விடவில்லை. என் மனைவிக்கு இளைப்பு உண்டு. என் புகை அவளுக்கு ஆகாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மருமகன் 2024 ஏப்ரலில் வந்தபோது ஒரு கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரல் பருமன், பேனாவைவிடக் கொஞ்சம் குட்டை. சார்ஜ் போட வேண்டும். சிறு புட்டியிலிருந்து அதில் திரவம் ஊற்ற வேண்டும். உறிஞ்சினால் ஆவி வரும். நிக்கோட்டின் உண்டு, ஆனால் நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை. புதினா வாசம். "இது வேப் மாமா. சிகரெட்ட விடணும்னா இதுதான் வழின்னு அங்க எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

திரவம் தீரத் தீர, ஊருக்கு வருகிறவர்களிடம் மருமகன் புட்டிகளைக் கொடுத்தனுப்புவார். இந்த நாட்டில் அதை விற்கத் தடை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாள் முதல் பேருந்தில் யாராவது காக்கிச் சட்டையோடு ஏறினால் சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொள்வேன்.

அந்தக் கருவியில் ஒரு சிறு திரை இருந்தது. எத்தனை முறை இழுத்தோம் என்று அதுவே எண்ணிக் காட்டும். சொன்னால் சிரிப்பார்கள், அப்படி எண்ணியதாலேயே அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் மரக்காணத்து உப்பளங்களில் லாரி ஏறும் மூட்டைகளை எண்ணி எழுதியவன் நான். எண்ணுகிற எதையும் நம்பிவிடுவேன்.

முதல் மாதம் நாளுக்குத் தொண்ணூறு இழுப்பு. ஒரு சிகரெட்டுக்குப் பத்து என்று வைத்தாலும் பழைய கணக்கில் நூற்றுப் பத்து. ஆகவே லாபம் என்று நினைத்தேன். ஆனால் சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. விரல் சுட்டால் எறிந்தாக வேண்டும். இதற்கு முடிவே இல்லை. செய்தித்தாள் படிக்கும்போது நான்கு, டிவி பார்க்கும்போது பத்து, கழிவறையில் ஆறு. அந்த ஜூனில் நாளுக்கு இருநூற்று நாற்பதுக்கு வந்திருந்தேன். திரை காட்டியது, நான் நோட்டில் எழுதினேன், அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தேனே தவிர யோசித்துப் பார்க்கவில்லை.

வாய் எப்போதும் காய்ந்திருந்தது. இரவு எழுந்து தண்ணீர் குடிப்பேன். அதை வெயிலின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

ஜூன் 14 அன்று ஒரு தாளில் ரத்தத்துக்கான காரணங்களை எழுதினேன். வயது. சர்க்கரை. கடினமான பிரஷ். சிகரெட்டை விட்டதால் உடம்பு உள்ளே இருந்த கெட்டதை வெளியே தள்ளுவது. மொத்தம் நான்கு. வேப்பை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, உண்மையாகவே தோன்றவில்லை. மருந்துச் சீட்டில் மருந்தையே நோயென்று யார் எழுதுவார்கள்?

பிறகு வைத்தியத்துக்கு வந்தேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் ஈறு ஆறும் என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் உப்பளத்தில் இருந்தவனுக்கு உப்புத் தண்ணீர் என்றால் டிகிரி. கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று பார்ப்போம். கடல் மூன்று. பாத்தியில் உப்பு விழும்போது இருபத்தைந்து. சமையலறை டம்ளரில் அரை ஸ்பூன் உப்பைக் கலக்கிவிட்டு அந்தக் குழாயைப் போட்டால் ஒன்றுதான் தேறும். ஒரு டிகிரியே ஈறை ஆற்றும் என்றால் இருபது டிகிரி என்ன செய்யாது? எனக்கு அது நேரான பெருக்கல் கணக்காகத் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலை எட்டு மணிக்கு இரண்டு லிட்டர் பாட்டிலோடு உப்பளத்துக்குப் போனேன். அங்கே மேஸ்திரியாக இருப்பவர் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

"இன்னா சார், வீட்ல உப்பு தீந்துடுச்சா?"

"இருபது டிகிரித் தண்ணி வேணும்பா. பல்லுக்கு."

"பல்லுக்கா? மாட்டுக்குக் குளம்பு கழுவத்தான் கேப்பாங்க, பல்லுக்கு நீங்கதான் சார் மொத ஆளு."

வரப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயது இருக்கும். "ஐயா வாயிலயே உப்பு எடுக்கப் போறாரு. எத்தினி பாத்திங்க ஐயா?" என்றாள்.

"இருபத்தாறு" என்றேன், யோசிக்காமல்.

வரப்பு முழுவதும் சிரித்தது. மேஸ்திரி குழாயைப் போட்டுப் பார்த்து, இருபதே கால் டிகிரியில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்.

நாளுக்கு நான்கு முறை, முறைக்கு அறுபது எண்ணும்வரை வாயில் வைத்திருந்தேன். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கன்னத்தின் உட்புறம் தோல் உரிந்தாற்போல் இருந்தது. எரிச்சலுக்கு இதமாக வேப்பை இழுத்தேன். புதினாக் குளிர்ச்சி. அதனால் வாய் இன்னும் காய்ந்தது. காய்ந்ததால் மறுபடி கொப்பளித்தேன். திரை முந்நூற்றுப் பத்தைக் காட்டியது. ரத்தம் நிற்கவில்லை. பத்தாம் நாள் இரண்டாவது பல்லோடு பக்கத்துப் பல்லும் அசைய ஆரம்பித்தது.

"இன்னாங்க, எப்பப் பாரு கண்ணாடி முன்னாலயே நிக்கிறீங்க. பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"பல்லு ஆடுதுடி."

"டாக்டராண்ட போங்களேன். சும்மா ஆட்டி ஆட்டிப் பாத்தா அது வுழாம இன்னா பண்ணும்?"

நான் ஜூலை முதல் தேதி டாக்டரிடம் போகவில்லை. பாட்டில் தீர்ந்திருந்தது. உப்பளத்துக்குப் போனேன். இந்த முறை இருபத்து நான்கு டிகிரி கேட்பதென்று நினைத்திருந்தேன்.

மேஸ்திரி குழாயை எடுக்கப் போயிருந்தார். முன்பு கேலி செய்த அந்தப் பெண் வரப்பில் உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "பல்லு ஆறிடுச்சாங்க ஐயா?" என்றாள். இல்லை என்றேன்.

அவள் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். குதிகாலிலும் விரல் இடுக்கிலும் புண்கள். நான் எண்ணினேன். ஒரு காலில் ஒன்பது. ஓரங்கள் வெள்ளையாக ஊறி, நடுவே சிவப்பாக இருந்தன.

"காத்தால அஞ்சு மணிலருந்து இந்தத் தண்ணியிலதான் நிக்கிறேன். இருவது வருசம். உப்புத் தண்ணி புண்ண ஆத்தும்னா எங்காலு சினிமாக்காரி காலு மாதிரி இல்ல இருக்கணும்?"

முப்பத்தோரு ஆண்டுகள் இந்தக் கால்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் மூட்டை எண்ணினேன். மூட்டைகளைத்தான் எண்ணினேன்.

எதிரே இருந்த பாத்தியைக் காட்டி, அது ஏன் அவ்வளவு சிவப்பாக இருக்கிறது என்று திரும்பி வந்த மேஸ்திரியிடம் கேட்டேன். தண்ணீர் முற்றினால் சிவக்கும் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிவந்தோம்.

"அது உசுரு சார். கண்ணுக்குத் தெரியாத கிருமி. காலேஜ்லருந்து வந்து பாட்டில்ல புடிச்சிக்கினு போனாங்க. உப்பு ஏற ஏற அதுக்குக் கொண்டாட்டமாம். அவங்கதான் சொன்னாங்க."

"இருபத்தஞ்சு டிகிரியிலயா?"

"அதுலதான் சார் நெறயவாம்."

பாட்டிலைக் காலியாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதுவும் வாழாது என்று நான் நம்பிய தண்ணீரில் ஏதோ ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அப்படியானால் என் வாயில் எது வாழும், எது சாகும் என்று எனக்கு என்ன தெரியும்? காரணங்கள் எழுதிய தாளில் ஐந்தாவதாக உப்புத் தண்ணீர் என்று எழுதினேன்.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். முப்பது வயதுப் பெண். என் மகளைவிட இளையவர். அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"பீடி, சிகரெட்?"

"இல்லைங்க. நானூற்று முப்பத்தேழு நாளாச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ முன்னாடி பிடிச்சிருக்கீங்க. இப்ப இல்ல. பாக்கு, புகையிலை?"

"கெடயாது."

"சர்க்கரை?"

ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்தேன். கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை என்றார். பிறகு முனையில் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து, உதவிக்கு இருந்த பெண்ணிடம் எண்களைச் சொன்னார். மூன்று. மூன்று. நான்கு. மூன்று வரை பரவாயில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். வாயைத் திறந்துகொண்டு நானும் மனதில் எழுதிவந்தேன். கீழ் முன்பற்களுக்கு வந்தபோது ஐந்து, ஏழு, ஆறு, ஐந்து என்றார்.

"கன்னத்துக்குள்ள இன்னாது இது, வெந்த மாதிரி? ஆசிட் ஏதாவது பட்டுச்சா?"

உப்பளத் தண்ணீரைச் சொன்னேன். எத்தனை டிகிரி, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை முறை என்று எல்லாம் சொன்னேன்.

"அய்யோ, அது வாய்ங்க ஐயா, ஊறுகாய் ஜாடி இல்ல" என்றார். உதவிக்கு இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் அவர் திருப்தி அடையவில்லை. கன்னம் வெந்ததற்கு உப்பு சரி. பல்லுக்குக் கீழே ஏழு மில்லிமீட்டர் போனதற்கு அது காரணம் ஆகாது. வாய் ஏன் இவ்வளவு காய்ந்திருக்கிறது, பல்லில் ஏன் இவ்வளவு பசை போலப் படிந்திருக்கிறது என்று தமக்குள் கேட்டுக்கொண்டே அட்டையில் எழுதினார். "புகைப்பழக்கம்: இல்லை" என்று எழுதியிருந்த வரி எனக்குத் தெரிந்தது. அதை இரண்டு முறை படித்தேன். தவறான பதிவு என்று நிச்சயமாகவும் சொல்ல முடியவில்லை, சரி என்று விடவும் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து நீட்டினேன்.

"இது புகையில சேருமா, சேராதாங்க? எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல."

அவர் அதை வாங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். "இத்த மொதல்ல சொல்லக் கூடாதா ஐயா? நாளைக்கு எத்தனை வாட்டி இழுக்கறீங்க?"

"போன வாரம் சராசரி இருநூத்தித் தொண்ணூத்தி நாலு."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டவரையில் எழுதுகிறேன். வாய்க்குள் பலநூறு வகைக் கிருமிகள் எல்லாருக்கும் உண்டு. பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கெட்டவை அடங்கியிருக்கின்றன. எச்சில்தான் இந்த ஊருக்குக் காவல். வேப் ஆவியில் உள்ள திரவம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எச்சில் குறையும். அந்த இனிப்பும் வாசனையும் பல்லில் படிந்தால் கிருமிகள் ஒட்டிக்கொள்ளச் சுலபம். நல்லவை குறைந்து, ஈறுக்கு அடியில் காற்றில்லாத இடத்தில் வாழும் வகைகள் பெருகும். அவைதான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைய வைப்பவை.

"மொத்தம் எத்தனை கிருமி இருக்கும்ங்க?"

"எண்ண முடியாதுங்க ஐயா."

"தோராயமா?"

"கோடிக் கணக்குல. வுடுங்களேன்."

சிகரெட் காலத்தில் ஏன் ரத்தம் வரவில்லை என்று கேட்டேன். நிக்கோட்டின் ஈறில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அதனால் உள்ளே கெட்டுக்கொண்டிருந்தாலும் வெளியே தெரியாது, ரத்தம் வராததால் நன்றாக இருந்ததென்று அர்த்தமில்லை என்றார். அப்படியென்றால் நாற்பத்து மூன்று ஆண்டுகளாகக் கல் மாதிரி நின்ற பற்கள் உண்மையில் நிற்கவே இல்லையா? அப்புறம் ஒரு கேள்வி வந்தது.

"இதுலயும் நிக்கோட்டின் இருக்குதேம்மா. இதுல மட்டும் ஏன் ரத்தம் வருது?"

அவர் சற்று யோசித்தார். "நல்ல கேள்வி. முழுசா எனக்குத் தெரியாதுங்க. சிகரெட்ட விட்டதால ரத்தம் வரலாம். உப்பால வரலாம். வேப் பத்தி இன்னும் ஆராய்ச்சி நடந்துகினுதான் இருக்குது. நீங்க மூணையும் ஒண்ணா போட்டுக் கலக்கிட்டீங்க."

நாற்பத்து மூன்று ஆண்டு சிகரெட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர், பதினான்கு மாத வேப்புக்கு எத்தனை, பதினேழு நாள் உப்புக்கு எத்தனை என்று பிரித்துச் சொல்லும்படி கேட்டேன். முடியாது என்றார். அவரால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஈறுக்கு அடியில் இரண்டு தடவையாகச் சுத்தம் செய்வார். வேப், சிகரெட், உப்பளத் தண்ணீர் மூன்றையும் ஆறு வாரம் தொடக் கூடாது. ஆகஸ்ட் 13 அன்று மறுபடி அளப்பார். ஆழம் குறைந்த பல் நிற்கும். குறையாததை எடுத்துவிட வேண்டும்.

கருவியை என்ன செய்வதென்று அவரிடமே கொடுக்கப் பார்த்தேன். "எனக்கு எதுக்குங்க? என்னை ஜெயிலுக்கு அனுப்பவா?" என்றார். வீட்டுக்கு வந்து மருமகனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, அது வெறும் ஆவிதான்னு சொன்னாங்க மாமா."

"சொன்னாங்க, சரி. உங்க பல்லு எப்படி இருக்குது?"

"குளிர்ந்த தண்ணி குடிச்சா கூசுது மாமா" என்றார். போனை வைத்தேன். கருவியையும் மிச்சமிருந்த மூன்று புட்டிகளையும் பழைய இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்தேன்.

அந்த ஆறு வாரங்கள் எனக்குக் கழியவே இல்லை. சிகரெட்டை விடுவதற்கு வேப் இருந்தது. வேப்பை விடுவதற்கு எதுவும் இல்லை. சோம்பு மென்றேன். டாக்டர் சொன்னபடி தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டே இருந்தேன். நாளுக்கு எழுபத்திரண்டு மடக்கு. கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். நான்காம் வாரம் ஒரு மாலை மனைவி கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"சிகரெட் நாறுது."

"ஒண்ணுதான்."

"நேத்தும் நாறிச்சே?"

"ரெண்டு நாள்லயும் சேத்து மூணு."

"கணக்கு மட்டும் கரெக்டா சொல்லிடுவீங்க" என்றாள். பிறகு இருமினாள். அந்த இருமல் என் மூன்றில் எதனால் வந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அதன்பின் நான்காவது இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை, டாக்டர் அளந்தார். ஐந்து நான்காகியிருந்தது. ஆறும் நான்காகியிருந்தது. கடைசிப் பல்லின் ஐந்தும் நான்கு. இடமிருந்து இரண்டாவது மட்டும் ஏழாகவே இருந்தது. மூன்று சிகரெட்டைச் சொன்னேன். அதனாலா என்று கேட்டேன். "மூணு சிகரெட்டால இல்லைங்க, அது முன்னாடியே போனதுதான்" என்றார். முன்னாடி என்றால் எப்போது என்று கேட்டதற்கு, ஊசியை எடுத்துக்கொண்டு, "வாயத் தொறங்க ஐயா" என்றார்.

எடுப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அவ்வளவு லேசாக வந்தது. பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். வேரில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருந்ததைப் பேருந்தில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தேன். அந்த எண்ண முடியாத கோடி இதில்தான் இருந்திருக்கும். எந்தச் சுவடு எதனுடையது என்று எனக்குத் தெரியவில்லை. இடைவெளியில் நாக்கு போய்ப் போய் வந்தது. மரக்காணத்தில் இறங்குவதற்குள் மீதியை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் இருபத்தைந்துதான் வந்தது.

வீட்டில் அந்தத் தாளை எடுத்தேன். எந்தக் காரணத்தை அடிப்பதென்று தெரியாததால் எதையும் அடிக்கவில்லை. ஆறாவதாக வேப் என்று எழுதினேன். கீழே செலவைக் கூட்டினேன். எக்ஸ்ரே, இரண்டு தடவை சுத்தம், பல் எடுத்தது, கொப்பளிக்கும் மருந்து, மெல்லிய பிரஷ் இரண்டு, பேருந்து, அந்த மூன்று சிகரெட். பல்லுக்கு என்ன விலை போடுவதென்று தெரியாமல் அதை விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ரூபாய்.